சிடி, டிவிடி எழுதும்போதும் படிக்கும்போதும் சிக்னல் தரத்தைக் கூட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

போன மார்கழியில் ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். காபித் தோட்டத்துக் குடும்பம். துணியில் சுற்றி வைத்திருந்த டிவிடி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். மகளின் கல்யாண வீடியோ, 2009ல் எடுத்தது.

"தாலி கட்டற நேரத்துல நின்னு போயிருதுங்க தம்பி. அதுக்கு முந்தி நல்லா ஓடுது, அப்புறமும் ஓடுது. அந்த எடத்துல மட்டும் கட்டம் கட்டமா வந்து நின்னுருது. எங்க வீட்டுக்காரர் நல்லாத் தெரியறது அதுல மட்டும்தானுங்க. இப்ப அவர் இல்லீங்க."

டியூப் லைட்டுக்குக் கீழே தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். பெரிய கீறல் எதுவும் இல்லை. எழுதிய பகுதி கொஞ்சம் கருத்தும் எழுதாத பகுதி வெளிறியும் தெரிந்தன. நடுவாக்கில், நகக்கண் அளவில், பனி படிந்ததுபோல் மங்கலான ஒரு திட்டு. மலை ஈரத்தில் காகித உறைக்குள் வருடக்கணக்காகக் கிடந்த தட்டில் வரும் பூஞ்சைதான் அது. நன்றாக எழுதப்பட்ட தட்டாக இருந்தால் இவ்வளவு சின்னத் திட்டையெல்லாம் பிளேயர் சமாளித்துக்கொண்டு போயிருக்கும். எழுதிய நாளிலேயே தட்டின் பலம் பாதி செலவாகியிருந்தது, மிச்சத்தைப் பூஞ்சை தின்றுவிட்டது. சேலத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துகொண்டே பழைய தட்டுகளை மீட்டுத் தரும் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

இன்றைக்கும் ஸ்கேன் படங்களை மருத்துவமனைகள் சிடியில் தருகின்றன. வழக்குக்கான வீடியோவை டிவிடியில் கேட்கிறார்கள். வீட்டு அலமாரிகளில் நூறு நூறு தட்டுகள் கிடக்கின்றன. அதனால் எழுதுவது, சோதிப்பது, பழையதைப் படிப்பது என மூன்றையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

தட்டுக்குள் நடப்பது என்ன

நாம் வீட்டில் எழுதும் சிடியிலும் டிவிடியிலும் ஒரு சாயப் படலம் இருக்கிறது. எழுதும்போது லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு, ஒளியைக் குறைவாகத் திருப்பும் கோடுகளை உண்டாக்குகிறது. சுட்ட கோடு, சுடாத இடைவெளி, மறுபடி கோடு என்று உள்ளிருந்து வெளியே சுருளாகப் போகும். படிக்கும்போது அதே லேசர் குறைந்த பலத்தில் விழுந்து, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் சிக்னல்.

அளவுகள் எவ்வளவு சின்னவை என்று தெரிந்தால்தான் கவனம் வரும். சிடியில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே 1.6 மைக்ரான், லேசர் 780 நானோமீட்டர். டிவிடியில் 0.74 மைக்ரான், 650 நானோமீட்டர். ப்ளூரேயில் 0.32 மைக்ரான், 405 நானோமீட்டர். டிவிடியின் மிகச் சிறிய கோடு 0.4 மைக்ரான் நீளம்தான்.

தகவல் கோட்டின் நீளத்தில் இருக்கிறது. சிடியில் கோடுகள் 3 முதல் 11 அலகு வரை நீளம் கொண்டவை. டிவிடியில் இதோடு 14 அலகுக் கோடும் ஒன்று உண்டு. கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத்தான் பிளேயர் நேரம் பார்த்துக் கணக்கிடுகிறது. அந்த விளிம்பு கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்தால் 3 என்பது 4 ஆகப் படும். இந்த நகர்வுக்கு ஜிட்டர் என்று பெயர். சிக்னலை ஆஸிலாஸ்கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக விழவிட்டுப் பார்த்தால், மார்கழி வாசலில் போட்ட கோலம்போல் வரிசையாக வைர வடிவங்கள் தெரியும். நல்ல தட்டில் ஒவ்வொரு வைரத்தின் நடுவிலும் வெற்றிடம் பளிச்சென்று இருக்கும். மோசமான தட்டில், நாலு பேர் மிதித்துப் போன கோலம்தான், உள்ளிடமெல்லாம் அழிந்து கிடக்கும்.

ஆனாலும் படம் ஓடும். தட்டுக்குள் பிழைதிருத்தம் என்று ஒரு சேமிப்பு இருப்பதே காரணம். டிவிடியில் 32 கேபி தகவல் ஒரு கட்டமாக, 208 வரிசைகளாக, வரிசைக்கு 182 பைட்டாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரிசையும் தனக்குள் 5 பைட் வரை தவறைத் தானே சரிசெய்துகொள்ளும். அதற்கு மேல் போனால் மேலிருந்து கீழாகப் போகும் இரண்டாவது திருத்தம் கைகொடுக்கும். அதுவும் தோற்றால்தான் படம் கட்டம் கட்டமாகும். மோசமாக எழுதினால் இந்தச் சேமிப்பு முதல் நாளே கரைகிறது. அப்புறம் வரும் கீறலுக்கும் தூசிக்கும் வயதுக்கும் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.

தட்டைத் தேர்ந்தெடுப்பது

டப்பாமேல் இருக்கும் பெயரும் தட்டைச் செய்தவர் பெயரும் வேறுவேறாக இருக்கலாம். செய்தவர் யார் என்பது தட்டின் உள் வளையத்தில் குறியீடாகப் பதிந்திருக்கும். இம்க்பர்ன் போன்ற இலவச மென்பொருளில் காலித் தட்டைப் போட்டால் வலது பக்கத்தில் அந்தக் குறியீடு தெரியும். தட்டை எழுதும் டிரைவான ரைட்டர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். இந்தக் குறியீட்டுக்கு லேசரை எவ்வளவு பலத்தில், எத்தனை துடிப்பாக விட வேண்டும் என்ற பட்டியல் ரைட்டருக்குள் இருக்கிறது. பட்டியலில் இல்லாத தட்டு என்றால் பொதுவான ஒரு கணக்கில் சுட்டுவிடும். அங்கேதான் தரம் போகிறது.

ஒரே பெயரில் இரண்டு டப்பா வாங்கினாலும் குறியீடு ஒன்றா என்று பாருங்கள். முதலில் பத்துத் தட்டு வாங்கி, கீழே சொல்லும் சோதனையைச் செய்து, நன்றாக வந்தால் அதே கடையில் அதே டப்பாவிலிருந்து இன்னும் வாங்குங்கள். நொய்டாவின் மோசர் பேர் கம்பெனித் தட்டு ஒரு காலத்தில் நம் ஊர்க் கடைகள் எல்லாவற்றிலும் இருந்தது. அந்தக் கம்பெனி கலைப்புக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. இப்போது கிடைப்பது பழைய சரக்கு. பழைய சரக்கு என்பதற்காகத் தள்ள வேண்டியதில்லை, ஆனால் சோதிக்காமல் கல்யாண வீடியோவை அதில் எழுதாதீர்கள். கடையின் கண்ணாடி ஷோகேஸில் வெயில் படுகிற இடத்தில் இருந்த டப்பாவை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாயம் ஒளியில் எரிவதற்காகவே செய்யப்பட்டது. வெயிலும் அதற்கு ஒளிதான்.

ரைட்டரைத் தயார் செய்வது

கம்ப்யூட்டருக்குள் பொருத்தும் பெரிய ரைட்டர்தான் என் விருப்பம். யூஎஸ்பியில் செருகும் மெல்லிய ரைட்டர்களில் மோட்டாரும் சின்னது, லென்ஸைத் தாங்கும் அமைப்பும் சின்னது, மின்சாரமும் ஒரே வயரில் வர வேண்டும். அதுதான் இருக்கிறது என்றால், ஹப்பில் செருகாமல் கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள். இரட்டை யூஎஸ்பி வயர் கொடுத்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். மின்சாரம் குறையும்போது லேசரின் பலம் ஆடும்.

ரைட்டரின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, கடைசிப் பதிப்புக்கு மாற்றுங்கள். புதுத் தட்டுகளின் குறியீடு அந்தப் பட்டியலில் சேர்வது இப்படித்தான். மேசை ஆடக் கூடாது. 16எக்ஸ் வேகத்தில், அதாவது அடிப்படை வேகத்தைப்போல் 16 மடங்கில், டிவிடி நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் சுற்றும். பக்கத்திலேயே தறி ஓடும் வீடுகளில், எங்கள் அம்மாபேட்டைப் பக்கம் இது சாதாரணம், தறி நிற்கும் நேரத்தில் எழுதுவது நல்லது.

அப்புறம் சேலத்து வெயில். சித்திரை வைகாசி மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே ரைட்டரை ஓட்டினால் என்ன ஆகும்? லேசர் டையோடு சூடானால் அதே மின்னோட்டத்துக்குக் குறைந்த ஒளிதான் தரும், அலைநீளமும் கொஞ்சம் நகரும். சாயம் அலைநீளத்துக்கு ஏற்ப வேறுவிதமாக எரிவது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் எழுதும் முன் ரைட்டர் தட்டின் உள் ஓரத்தில் தனி இடத்தில் சுட்டுப் பார்த்து, பலத்தைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது. ஆனால் அது சரிபார்த்த பிறகு, எழுதி முடிப்பதற்குள் சூடு ஏறிக்கொண்டே போனால் கணக்கு தப்பலாம். கோடையில் நான் காலை ஏழு மணிக்குள்தான் முக்கியமான தட்டுகளை எழுதுவேன். நாலைந்து தட்டு தொடர்ந்து எழுதினால் பத்து நிமிடம் தட்டை வெளியே தள்ளி ஆறவிடுவேன்.

எழுதுவது

வேகத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். ஒரு பக்கம், ஆள் காத்திருக்கிறார் என்று முழு வேகத்தில் அடிக்கிறார்கள். இன்னொரு பக்கம், மெதுவாக எழுதினால் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு 2எக்ஸில் எழுதுகிறார்கள். இரண்டும் சரியில்லை. 16எக்ஸ் தட்டின் சாயம் வேகமாகச் சுடுவதற்கென்றே தயாரானது. மிக மெதுவாகச் சுட்டால் சூடு பரவி விளிம்புகள் குழம்பும். என் அனுபவத்தில் 16எக்ஸ் டிவிடிக்கு 8எக்ஸ், 52எக்ஸ் சிடிக்கு 16 அல்லது 24எக்ஸ், 6எக்ஸ் ப்ளூரேவுக்கு 4எக்ஸ் நன்றாக வரும். உங்கள் தட்டுக்கும் ரைட்டருக்கும் எது சரி என்பதை ஒரே தட்டு வகையில் மூன்று வேகத்தில் எழுதிச் சோதித்தால் ஒரு மாலையில் கண்டுபிடித்துவிடலாம்.

முழுக்க நிரப்பாதீர்கள். 4.7 ஜிபி என்று போட்டிருப்பது கம்ப்யூட்டர் கணக்கில் 4.38தான். நான் 4.1க்கு மேல் போவதில்லை. தட்டின் வெளி ஓரத்தில்தான் வளைவு அதிகம், கைபடுவதும் அங்கேதான், தயாரிக்கும்போது சாயப் படலம் சீரில்லாமல் போவதும் அங்கேதான். ஐந்து நிமிட ஊர்வலக் காட்சியைக் குறைத்தால் முழுத் தட்டும் பிழைக்கும் என்றால் குறைப்பதே நல்லது, அல்லது இரண்டு தட்டாகப் பிரியுங்கள்.

கோப்புகளைப் பென்டிரைவிலிருந்து நேராக எழுதாமல், முதலில் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக (முழுத் தட்டின் நகல்) செய்து, அதிலிருந்து எழுதுங்கள். தகவல் வரத் தாமதித்தால் ரைட்டர் நிறுத்தி, பிறகு ஒட்டித் தொடரும். அந்த ஒட்டு ஒவ்வொன்றும் ஒரு பலவீனமான இடம். யூபிஎஸ் கட்டாயம். ஒரே மூச்சில் எழுதி ஃபைனலைஸ் செய்யுங்கள், அதாவது இனி எதுவும் சேர்க்க முடியாதபடி தட்டை முடித்துவிடுங்கள். செய்யாவிட்டால் வீட்டு பிளேயர்களில் பல அதை எடுக்காது. டிவிடி பிளஸ் ஆர் (DVD+R) வகைத் தட்டில் எழுதுபவர்கள், ரைட்டர் அனுமதித்தால், தட்டின் வகையை டிவிடி ரோம் என்று மாற்றி எழுதுங்கள். பழைய பிளேயர்கள் அப்போதுதான் மறுக்காமல் ஏற்கும்.

எழுதியதைச் சோதிப்பது

மென்பொருள் முடிந்ததும் 'வெற்றி' என்று காட்டும். சரிபார்ப்பும் தேறும். அதன் பொருள், பிழைதிருத்தம் இன்றைக்குச் சமாளித்தது என்பது மட்டும்தான். எவ்வளவு மிச்சம் வைத்துச் சமாளித்தது என்பதை அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஸ்கேன் செய்ய வேண்டும், அதாவது தட்டு முழுதும் படித்துப் பிழைகளை எண்ண வேண்டும். நீரோ டிஸ்க்ஸ்பீட், கியூபிஎக்ஸ்டூல் போன்ற மென்பொருள்கள் இதற்கு உதவும். எல்லா ரைட்டரும் இந்தக் கணக்கை வெளியே சொல்லாது. பழைய லைட்ஆன் ரைட்டர்கள் பல சொல்லும், அதனால் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிவிடியில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒரு வரிசையில் ஏதாவது தவறு இருந்தால் அது பிஐஇ கணக்கில் சேரும். தொடர்ந்து வரும் 8 கட்டங்களில் 280ஐத் தாண்டக் கூடாது என்பது டிவிடி விதி. வரிசையால் தானே திருத்திக்கொள்ள முடியாமல் போனால் பிஐஎஃப். ஒரு கட்டத்துக்கு 4க்கு மேல் போகக் கூடாது. நான் விதியின் ஓரத்தில் நிற்கும் தட்டை வாடிக்கையாளரிடம் கொடுப்பதில்லை. பிஐஇ பெரும்பாலும் 20, 30க்குள் தாழ்ந்து சீராகப் போக வேண்டும், பிஐஎஃப் ஒன்றிரண்டைத் தாண்டக் கூடாது. சிடியில், முதல் திருத்தத்தில் தெரியும் சி1 பிழைகள் வினாடிக்குச் சராசரி 220 வரை விதி அனுமதிக்கிறது. நல்ல தட்டில் அது ஒற்றை இலக்கத்தில் கிடக்கும். புதிதாக எழுதிய சிடியில், முதல் திருத்தத்துக்கு அடங்காத சி2 பிழை ஒன்றுகூட வரக் கூடாது.

எண்ணைவிட வரைபடத்தின் வடிவம் அதிகம் பேசும். முழுக்க உயரமாக இருந்தால் தட்டும் ரைட்டரும் ஒத்துப்போகவில்லை. வெளி ஓரத்தில் மட்டும் மலைபோல் ஏறினால் வேகத்தைக் குறையுங்கள் அல்லது குறைவாக நிரப்புங்கள். ஒரே இடத்தில் ஊசிபோல் நின்றால் அங்கே தூசியோ விரல் ரேகையோ இருந்திருக்கும். படிக்கட்டாக ஏறினால், ரைட்டர் எழுதும் நடுவில் வேகத்தை மாற்றிய இடம் அது.

டிஸ்க்ஸ்பீட் கடைசியில் போடும் நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். அது உச்சத்தில் வந்த பிஐஎஃப் ஒன்றை மட்டும் வைத்துப் போடுவது. ஒரு தூசியால் நல்ல தட்டு தோற்கும். ஸ்கேன் செய்யும் ரைட்டரும் வேகமும் மாறினால் எண்களும் மாறும். அதனால் எப்போதும் ஒரே ரைட்டரில், ஒரே வேகத்தில் ஸ்கேன் செய்து ஒப்பிடுங்கள். கடைசியாக, எழுதாத வேறொரு டிரைவில் போட்டு முழுதும் படித்துப் பாருங்கள். படிக்கும் வேகக் கோடு எங்கும் குழி விழாமல் ஏறினால் சரி.

தட்டில் பெயர் எழுதுவதும் பத்திரமாக வைப்பதும்

பெயரை நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தில் எழுதுங்கள். சிடியில் தகவல் படலம் லேபிள் பக்கத்துக்கு அடியிலேயே, மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. மார்க்கர் மையின் கரைப்பானும் பால்பேனா முனையும் நேராக அதைத் தொடும். டிவிடியில் படலம் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தட்டுகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு. காகித ஸ்டிக்கர் எதிலும் வேண்டாம். ஈரம் ஏறி ஏறி இறங்க, காகிதம் இழுத்துத் தட்டை வளைக்கும். சாய்ந்த தட்டில் லேசர் புள்ளி வால்முளைத்து நீளும்.

டப்பாவில் செங்குத்தாக, இருட்டில் வைக்கவும். ஏற்காட்டில் இருப்பவர்கள் காகித உறையைத் தவிர்த்து, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

பழைய தட்டைப் படிப்பது

மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த குளிர்ந்த தட்டை உடனே டிரைவில் போடாதீர்கள். சில்லென்ற செம்பில் நீர் கோத்துக்கொள்வதுபோல் கீழ்நாட்டுக் காற்றின் ஈரம் அதன்மேல் படியும். டப்பாவைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் அறையில் வையுங்கள். டிரைவையே தூக்கி வந்திருந்தாலும் இதேதான். லென்ஸிலும் பனி படியும்.

அந்த அம்மாவின் தட்டை நான் இப்படித்தான் செய்தேன். காத்திருந்து, பிறகு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து, விரல் நுனியால் மெல்லக் கழுவினேன். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்தால் வெள்ளைத் திட்டாக நிற்கும். அதனால் கடைசி அலசலுக்குப் பேட்டரிக் கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீர், அது உப்பு நீக்கிய நீர்தான். மூக்குக் கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கவே கூடாது. வட்டக் கீறல் தடத்தோடு ஓடி, தொடர்ச்சியாகத் தகவலை மறைக்கும். குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் மறைக்கும், அதைப் பிழைதிருத்தம் தாங்கும். காகித ஸ்டிக்கர் ஒட்டிய தட்டை மட்டும் நீரில் முக்காதீர்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும்.

கழுவிய பின் ஸ்கேன் செய்தேன். திட்டு இருந்த இடம் போகட்டும், சுத்தமாக இருந்த இடங்களிலும் பிஐஇ நூறுக்கு மேல். முழு வேகத்தில் எழுதப்பட்ட தட்டுகளில் நான் வழக்கமாகக் காணும் படம் அது, வயதும் சேர்ந்திருக்கும்.

அடுத்து, படிப்பதற்குப் பிளேயரையோ கோப்பு நகலையோ நம்பாதீர்கள். விண்டோஸ் நகலெடுக்கும்போது ஒரு இடத்தில் சிக்கினால் அங்கேயே மோதிக்கொண்டு நிற்கும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் நல்லது. செக்டர் (தட்டில் தகவலைப் படிக்கும் சின்னத் துண்டு) அளவு 2048 பைட் என்று கொடுத்து, எது வந்தது, எது விடுபட்டது என்று குறித்து வைக்கும் மேப் கோப்பு ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் எளிதாக வருவதை மட்டும் எடுத்துவிட்டுச் சிக்கலானதைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். அப்புறம் வேகத்தை 4எக்ஸ் அல்லது 2எக்ஸாகக் குறைத்து, விடுபட்டதை மட்டும் எடுங்கள். மெதுவாகச் சுற்றும்போது லென்ஸுக்குத் தடத்தையும் குவியத்தையும் பிடிக்க நேரம் கிடைக்கிறது. விண்டோஸில் வேலை செய்பவர்கள் ஐசோபஸ்டர் என்ற மென்பொருளில் இதேபோல் செய்யலாம்.

அதன்பின் தட்டை வேறு டிரைவுக்கு மாற்றுங்கள். இதில்தான் பெரும் பலன். ஒவ்வொரு டிரைவின் லென்ஸும் சிக்னலைச் சமன்செய்யும் விதமும் கொஞ்சம் வேறு. ஒன்று தவறவிட்டதை இன்னொன்று பிடிக்கும். அதே மேப் கோப்பை வைத்து ஓட்டினால் விட்டதை மட்டும் தேடி நிரப்பும். என்னிடம் மூன்று பழைய டிரைவ்கள் இதற்கென்றே இருக்கின்றன. அந்தத் தட்டுக்கு மூன்றும் தேவைப்பட்டன. முதல் டிரைவ் தாலி கட்டும் காட்சிக்குள் நுழையவே இல்லை. இரண்டாவது முக்கால்வாசி எடுத்தது. மூன்றாவதில் இரவு முழுக்க விட்டேன்.

கீறல் ஆழமாக இருந்தால் மெருகேற்றும் பசை உதவும், ஆனால் சிடி, டிவிடியின் படிக்கும் பக்கத்தில் மட்டும். ப்ளூரேயில் தகவலுக்கு மேலே இருப்பது 0.1 மில்லிமீட்டர் பூச்சுதான், தேய்த்தால் போய்விடும். லேபிள் பக்கக் கீறலில் படலமே உரிந்திருந்தால் எந்தப் பசையும் மீட்காது. டிரைவே எந்தத் தட்டையும் படிக்கவில்லை என்றால் லென்ஸை ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். லேசரின் திருகைத் திருப்பிப் பலத்தைக் கூட்டாதீர்கள். நாலு நாள் படிக்கும், அப்புறம் டையோடு போய்விடும்.

காலையில் மேப் கோப்பைத் திறந்தபோது ஏழு செக்டர் மட்டும் மிச்சமிருந்தது. ஓட்டிப் பார்த்தேன். மேளம் உச்சத்துக்குப் போகிற இடத்தில் படம் ஒரு கணம் சிலிர்த்து, உடனே தெளிந்தது. மணவறையின் இடது ஓரத்தில், அட்சதையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அவர் நின்றிருந்தார். புதுத் தட்டு இரண்டில் 8எக்ஸில் எழுதி, ஸ்கேன் வரைபடத்தையும் அச்செடுத்து டப்பாவுக்குள் வைத்தேன். ஐஎஸ்ஓ கோப்பை ஒரு பென்டிரைவிலும் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மார்கழியில் தட்டைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், அதே ரைட்டரில் மறுபடி ஸ்கேன் செய்து இந்த வரைபடத்தோடு ஒப்பிட.